அட்டை போட்டும் மறந்துபோகிறதா? குரூப் 4 படிப்பவருக்கு ஒரு பதில்

வந்த கேள்வியின் சுருக்கம்: "மருந்துக்கடையில் வேலை. காலை ஒன்பதரைக்குப் போனால் வீடு திரும்ப ராத்திரி ஒன்பது ஆகிவிடும். குரூப் 4 தேர்வுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை பள்ளிப் புத்தகங்களை இரண்டு சுற்று படித்துவிட்டேன். மாடல் டெஸ்டில் உட்கார்ந்தால் எல்லாமே பார்த்த மாதிரி இருக்கிறது, விடைதான் வரமாட்டேன் என்கிறது. நண்பர் சொன்னாரென்று, முன்பக்கம் கேள்வியும் பின்பக்கம் விடையுமாக உள்ள அட்டைகளை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் கேட்கும் ஆன்கி ஆப்பை இறக்கி, டெலிகிராமில் கிடைத்த நாலாயிரம் அட்டைகளை ஏற்றினேன். மூன்றே வாரத்தில் 700 அட்டை பாக்கி என்று காட்டியது. விட்டுவிட்டேன். வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த முறை சரிப்படுமா? பேப்பர் அட்டையே போதுமா?"

சரிப்படும். ஆப்பும் வேலை செய்யும், பேப்பர் அட்டையும் வேலை செய்யும். வேலை செய்யாதது அந்த நாலாயிரம் அட்டைத் தொகுப்பு, அதாவது அந்த டெக்தான். அதை இப்போதைக்கு அப்படியே நிறுத்திவையுங்கள். காரணத்தைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

"எல்லாமே பார்த்த மாதிரி இருக்கிறது, விடை வரமாட்டேன் என்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த வரிதான். ஒன்றைப் பார்த்ததும் "இது தெரியுமே" என்று தோன்றுவது வேறு, பார்க்காமல் அதை உள்ளிருந்து எடுப்பது வேறு. புத்தகத்தை மூன்றாவது சுற்று படித்தால் முதலாவதுதான் வளரும். தேர்வில் கேட்பது இரண்டாவதை. நாலு விடை கொடுத்திருக்கிறார்களே, பார்த்துக் கண்டுபிடித்தால் போதாதா என்றால், அந்த நாலுமே நீங்கள் படித்த பெயர்களாகத்தான் இருக்கும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

உங்கள் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மாத்திரை எந்த ரேக்கில் என்று உட்கார்ந்து மனப்பாடம் செய்தீர்களா? ஆள் வந்து கேட்பார், நீங்கள் தேடி எடுப்பீர்கள், நாலு நாள் கழித்து இன்னொருவர் அதையே கேட்பார். இப்படிக் கேட்கக் கேட்க, இடைவெளி விட்டு விட்டு எடுத்துக் கொடுத்ததில்தான் கை பழகியது. அட்டை முறையில் இருப்பதும் இந்த இரண்டும்தான்: கேட்டு எடுப்பது, இடைவெளி விடுவது.

இது வெறும் அனுபவப் பேச்சு இல்லை, சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களிடம் சிறு உரைநடைப் பகுதிகளைக் கொடுத்தார்கள். சிலவற்றை இரண்டு முறை படிக்கச் சொன்னார்கள். சிலவற்றை ஒரு முறை படித்துவிட்டு, மூடிவைத்து, ஞாபகம் இருப்பதை எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் இரண்டு முறை படித்தது முன்னால் நின்றது: அதில் 81 சதவீதம், எழுதிப் பார்த்ததில் 75. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் தலைகீழ்: மறுபடி படித்ததில் 42 சதவீதம் மிஞ்சியது, எழுதிப் பார்த்ததில் 56. அதாவது மறுபடி படிப்பது அன்று ராத்திரி நன்றாக இருக்கும், அடுத்த வாரம் கைவிடும். இரண்டு வருடம் கழித்து அவர்களே ஸ்வாஹிலிச் சொற்களை வைத்து இன்னொரு சோதனை செய்தார்கள். ஒரு தடவை சரியாகச் சொன்ன சொல்லையும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்த குழுக்களுக்கு ஒரு வாரம் கழித்து 80 சதவீதம்போல நினைவிருந்தது. சொன்னதும் கேள்வியிலிருந்து எடுத்துவிட்ட குழுக்களுக்கு 35 சதவீதத்தை ஒட்டித்தான். வேடிக்கை என்னவென்றால், உங்களுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது எல்லாக் குழுவினரும் பாதி இருக்கும் என்றே சொன்னார்கள். நம் படிப்பு நிற்குமா நிற்காதா என்று நம் மனசு சொல்வதை நம்பக்கூடாது என்பதற்கு இது போதும்.

இடைவெளி விஷயம் இன்னும் பழையது. எப்பிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் 1885-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் தன்னையே சோதனை எலியாக வைத்துக்கொண்டார். பன்னிரண்டு அசைகள் கொண்ட ஒரு வரிசையை ஒரே நாளில் 68 முறை சொல்லிப் பதிய வைத்ததும், மூன்று நாட்களுக்குப் பிரித்து 38 முறை சொன்னதும் கிட்டத்தட்ட ஒரே பலனைத் தந்தன என்கிறார். பாதிக்குச் சற்றே கூடுதலான உழைப்பு, அதே பலன். வேலைக்குப் போகிறவருக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

அவர் பெயரில் ஓடும் மறதி வளைவுப் படத்தைக் கோச்சிங் சென்டர் சுவர்களில் பார்த்திருப்பீர்கள். ஒரே நாளில் முக்கால்வாசி போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். அவர் மனப்பாடம் செய்தது அர்த்தமே இல்லாத அசைகளை. அர்த்தம் புரிந்து படித்தது அந்த வேகத்தில் போகாது. எனவே அந்தப் படத்தைப் பார்த்துப் பயப்படவேண்டாம். ஆனால் புரியாமல் உருப்போடும் பாடம் உங்கள் மூளைக்கு அந்த அசைகள் மாதிரிதான்.

இப்போது அந்த டெக்குக்கு வருகிறேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆன்கியில் ஒரு நாளைக்கு 20 புது அட்டை என்றுதான் ஆரம்ப அமைப்பு. நாலாயிரம் அட்டைக்கு 200 நாள் ஆகும். உங்களுக்கு இருப்பது 150. தேர்வு முடிந்த பிறகும் டெக் முடிந்திருக்காது. அது போக, தினம் 20 புதுசு ஏற்றினால் பழையவை திரும்பி வருவது நாளொன்றுக்கு 200 வரை போகும் என்று அந்த ஆப்பின் கையேடே சொல்கிறது. தெரிந்த அட்டைக்கு எட்டுப் பத்து வினாடி போதும், அரை மணிநேரத்தில் முடித்துவிடலாம். புரியாத அட்டைக்கு அரை நிமிடமாவது ஆகும். 200 அட்டை என்றால் 100 நிமிடம். கடை மூடி வந்து சாப்பிட்டுவிட்டு யாரால் முடியும்? இரண்டு நாள் விட்டால் போதும், பாக்கி ஏறிவிடும். உங்கள் 700 இப்படித்தான் வந்தது. சோம்பலும் இல்லை, ஞாபக சக்திக் குறைவும் இல்லை.

அதைவிடப் பெரிய சிக்கல், அவை வேறு யாரோ எழுதியவை. எந்தப் பாடத்தில், எந்த வரிக்குப் பிறகு இது வருகிறது என்பது எழுதியவர் மனதில் இருந்தது. உங்களுக்கு வந்து சேர்ந்தது வெறும் கேள்வியும் ஒரு பெயரும். அட்டை எழுதுவதிலேயே பாதிப் படிப்பு முடிந்துவிடும். எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று யோசிக்கும்போதே பாடம் புரிந்துவிடுகிறது. ரெடிமேட் டெக்கில் அந்தப் பாதியைத்தான் இழக்கிறீர்கள். மருத்துவ மாணவர்கள் ரெடிமேட் டெக்கை வைத்து ஜெயிக்கிறார்களே என்று கேட்கலாம். அவர்கள் முதலில் பாடம் கேட்கிறார்கள், அப்புறம் அந்தப் பாடத்துக்கான அட்டைகளை மட்டும் திறந்துவிடுகிறார்கள். நீங்களும் வேண்டுமானால் அப்படிச் செய்யலாம். மொத்த டெக்கையும் 'சஸ்பெண்ட்' செய்துவிட்டு, அதாவது அழிக்காமல் நிறுத்திவைத்துவிட்டு, பாடம் படித்த பிறகு பிடித்த அட்டைகளை மட்டும் எடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

அட்டையை எப்படி எழுதுவது? இதில்தான் எல்லாம் இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

எட்டுத்தொகை நூல்களின் அடி அளவு பழைய வினாத்தாள்களில் அடிக்கடி தென்படும். பலர் எழுதும் அட்டை இப்படி: முன்பக்கம் "எட்டுத்தொகை நூல்கள், அடி, தொகுத்தவர், தொகுப்பித்தவர்". பின்பக்கம் ஒரு பெரிய அட்டவணை. இது அட்டை இல்லை, மடித்துவைத்த நோட்டு. திருப்பிப் பார்த்தால் பாதி ஞாபகம் வரும், பாதி வராது. சரி என்று போடுவதா, தவறு என்று போடுவதா? தெரிந்த பாதியையும் தினம் தினம் படிப்பீர்கள், தெரியாத பாதி அப்படியே கிடக்கும்.

அதைப் பிரியுங்கள். பிரிக்கும் முன் ஒரு நிமிடம் எண்களைப் பாருங்கள். ஐங்குறுநூறு 3 முதல் 6 அடி, குறுந்தொகை 4 முதல் 8, நற்றிணை 9 முதல் 12, அகநானூறு 13 முதல் 31. குறுந்தொகை முடிந்த எட்டுக்கு அடுத்து ஒன்பதில் நற்றிணை தொடங்குகிறது, நற்றிணை முடிந்த பன்னிரண்டுக்கு அடுத்து பதின்மூன்றில் அகநானூறு. அகநானூற்றுக்கு நெடுந்தொகை என்று பெயர் வந்ததும் இந்த நீளத்தால்தான். இது தெரிந்துவிட்டால் எட்டு எண்களுக்குப் பதில் ஒரு வரிசையும் ஐங்குறுநூறும் மட்டும் மனதில் நின்றால் போதும். அப்புறம் அட்டைகள் தானாக வரும்: "நற்றிணையின் சிற்றெல்லை, பேரெல்லை?" "13 அடியில் தொடங்கும் அகநூல் எது?" "அகநானூற்றுக்கு நெடுந்தொகை என்று பெயர் வரக் காரணம்?" "குறுந்தொகையைத் தொகுத்தவர்?" பூரிக்கோ. ஒரு அட்டைக்கு ஒரு விடை. இரண்டு வினாடியில் சொல்லிவிடக்கூடிய விடை.

எட்டு நூல்களின் பெயர்ப் பட்டியலுக்கு அட்டை வேண்டாம். அதற்கு "நற்றிணை நல்ல குறுந்தொகை" என்று தொடங்கும் பழைய வெண்பா இருக்கிறது. நம் முன்னோர் பட்டியலை நினைவில் வைக்க யாப்பைத்தான் கருவியாக வைத்திருந்தார்கள், அதைவிட நல்ல கருவியை எந்த ஆப்பும் தந்துவிடவில்லை. வெண்பாவை வாயால் பழகுங்கள், அட்டையில் அதைத் துண்டாடிக் கெடுக்காதீர்கள்.

அடுத்தது குழம்பும் ஜோடிகள். குண்டலகேசி, நீலகேசி. ஒன்று ஐம்பெருங்காப்பியத்தில், மற்றது ஐஞ்சிறுகாப்பியத்தில். இரண்டும் "கேசி" என்று முடிவதால் பாதிப்பேர் மாற்றிப் போடுவார்கள். "குண்டலகேசி எந்தச் சமய நூல்?" "நீலகேசி எந்தச் சமய நூல்?" என்று இரண்டு அட்டை போட்டால் குழப்பம் அப்படியே அட்டையிலும் தொடரும், ஒரு நாள் இது சரியாக வரும், ஒரு நாள் அது. மூன்றாவதாக ஒரு அட்டை போடுங்கள்: "நீலகேசி எந்த நூலுக்கு மறுப்பாக எழுந்தது?" குண்டலகேசி பௌத்தம் பேசியது, அதை மறுக்க எழுந்த சமண நூல் நீலகேசி. சண்டை போட்டவர்கள் யார் யார் என்று தெரிந்துவிட்டால் எந்த நூல் எந்தப் பக்கம் என்பது மறக்காது.

வரலாற்றிலும் இதே கதைதான். பிரிட்டிஷ் காலத்து இந்திய அரசுச் சட்டங்கள் இரண்டு: 1919 சட்டம், 1935 சட்டம். இரட்டை ஆட்சி, அதாவது துறைகளை ஆளுநர் தரப்புக்கும் அமைச்சர்களுக்கும் பிரித்துக் கொடுப்பது, எதில்? இரண்டிலுமே உண்டு, அதுதான் வம்பு. 1919-இல் மாகாணங்களில் வந்தது. 1935-இல் மாகாணங்களில் அதை எடுத்துவிட்டு, மத்தியில் கொண்டுவர வழி செய்தார்கள். "1919 சட்டத்தின் சிறப்பு அம்சங்கள்" என்று அட்டை போட்டால் கதை முடிந்தது. "மாகாண இரட்டை ஆட்சியை ஒழித்த சட்டம்?" "1920 தேர்தலில் நீதிக்கட்சி ஜெயித்து அமைச்சரவை அமைத்தது எந்தச் சட்டத்தின்கீழ்?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வி நம் ஊர் வரலாற்றோடு ஆண்டைக் கட்டிப்போடுகிறது. 1920-க்கு முந்திய சட்டம் 1919-ஆகத்தானே இருக்க முடியும்.

அரசியலமைப்பில் எண்ணையும் தலைப்பையும் மட்டும் போட்டு நிரப்புகிறார்கள். பிரிவு 17 தீண்டாமை ஒழிப்பு, பிரிவு 32 அரசியலமைப்புவழித் தீர்வு. தவறில்லை, சிலவற்றுக்கு அதுவே போதும். ஆனால் சொத்துரிமை போன்ற இடத்தில் "ஏன்" அட்டை ஒன்று போட்டால் லாபம். "சொத்துரிமை அடிப்படை உரிமை என்ற நிலையை எந்தத் திருத்தத்தில் இழந்தது?" 44-ஆவது திருத்தம், 1978. "இப்போது எந்தப் பிரிவில் இருக்கிறது?" 300ஏ. "பழைய பிரிவு 31-ஐ இன்று விடையாகக் குறித்தால் ஏன் தவறு?" மூன்று சின்ன அட்டைகள், ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும்.

இலக்கணத்தில் ஜாக்கிரதை. "ஊறுகாய் – வினைத்தொகை" என்று அட்டை போட்டால் ஊறுகாய்க்கு மட்டும்தான் விடை தெரியும். தேர்வில் வேறு சொல் வரும். கண்டுபிடிக்கும் வழியை ஒரு அட்டையில் வையுங்கள்: முக்காலத்துக்கும் விரிகிறதா, ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய். அப்புறம் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பிரிக்கச் சொல்லும் அட்டை: "சுடுசோறு, வெண்சோறு, இரண்டும் என்ன தொகை?" முதலாவது வினைத்தொகை, இரண்டாவது பண்புத்தொகை. இந்த ஒரு அட்டை, சொல்லும் விடையுமாகப் போட்ட இருபது அட்டைக்குச் சமம். மாதம் ஒருமுறை சொற்களை மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அட்டையின் முகத்தைப் பார்த்தே விடை சொல்லப் பழகிவிடுவீர்கள்.

வரைபடம் பற்றி ஒரு வார்த்தை. மேட்டூர் காவிரியில், பவானிசாகர் பவானியில், சாத்தனூர் தென்பெண்ணையில் என்று எழுத்தில் படிப்பதைவிடப் புத்தகத்திலுள்ள தமிழ்நாட்டு வரைபடத்தைப் போட்டோ எடுத்து, பெயர்களைக் கட்டம் போட்டு மறைத்து, ஒவ்வொன்றாகக் கேட்கவைக்கலாம். இப்போதைய ஆன்கியில் 'இமேஜ் அக்லூஷன்' என்ற பெயரில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. பேப்பரில் என்றால் வரைபடத்தை ஜெராக்ஸ் எடுத்துப் பெயர்களை ஒயிட்னரால் அழித்துவிடுங்கள்.

அட்டை போடக்கூடாதவையும் உண்டு. திறனறிவுக் கணக்குகளை அட்டையில் போடவே வேண்டாம். தனிவட்டி, கூட்டுவட்டிச் சூத்திரம் வரைக்கும் சரி, மிச்சம் கையால் போட்டுப் பழகவேண்டியது. நடப்பு நிகழ்வுகளை அன்றன்றே அட்டையாக்கினால் குப்பை சேரும். மாதக் கடைசியில் தொகுப்பைப் பார்த்து, அப்போதும் முக்கியமாகத் தோன்றுவதை மட்டும், தேதி குறித்துப் போடுங்கள். புரியாத பாடம் எதையும் அட்டையாக்காதீர்கள். பாடத்திட்டம் அவ்வப்போது மாறும், ஆகவே இப்போதைய பாடத்திட்டத்தை அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

அட்டையைத் திருப்பும் விதத்திலும் ஒரு நேர்மை வேண்டும். கேள்வியைப் பார்த்ததும் விரல் தானாகத் திருப்பப் போகும். திருப்பியதும் "ஆமாம், இதுதானே" என்று தோன்றும். அது நீங்கள் சொன்ன அதே "பார்த்த மாதிரி" உணர்ச்சிதான். விடையை வாய்விட்டுச் சொல்லுங்கள், பஸ்ஸில் இருந்தால் உதட்டளவிலாவது. சொன்ன பிறகுதான் திருப்பவேண்டும். பத்து வினாடி யோசித்தும் வரவில்லையா, தவறு என்று போட்டுவிட்டு நகருங்கள். ஆன்கியில் நாலு பட்டன் இருக்கும். மறந்ததற்கு 'அகெய்ன்' மட்டும்தான். மனசு கேட்காமல் பலர் 'ஹார்டு' அழுத்துவார்கள். ஹார்டு என்றால் கஷ்டப்பட்டாவது வந்தது என்று பொருள். வராததற்கு அதை அழுத்தினால் ஆப் உங்களுக்குத் தெரியும் என்று கணக்கு வைத்து நாள் தள்ளிப் போட்டுவிடும். மொத்தக் கணிப்பும் கெட்டுவிடும். சொல்லப்போனால் 'அகெய்ன்', 'குட்' இரண்டை மட்டும் வைத்தே ஓட்டலாம்.

பேப்பரா, ஆப்பா? பேப்பர் முறையை ஜெர்மனியில் லைட்னர் என்ற பத்திரிகையாளர் 1972-இல் பிரபலமாக்கினார். ஒரு பெட்டி, அதில் ஐந்து அறை. புது அட்டை முதல் அறையில். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும், தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். உங்களுக்கு ஏற்றபடி வைத்தால்: முதல் அறை தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது வாரம் ஒருமுறை, நாலாவது இரண்டு வாரத்துக்கு, ஐந்தாவது மாதத்துக்கு ஒருமுறை. ஸ்வீட் டப்பா ஒன்று போதும். அட்டைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தை வெட்டிக்கொள்ளலாம். அச்சகத்தில் கேட்டால் வெட்டி மிஞ்சிய துண்டு அட்டைகளை மலிவாகத் தருவார்கள். எழுதும்போது கை பழகும், போனைத் தொடவே வேண்டாம். இதன் எல்லை ஐந்நூறு அறுநூறு அட்டை. அதற்குமேல் எது எந்த நாள் என்று பார்ப்பதே வேலையாகிவிடும்.

அந்த வேலையைக் கணினியிடம் கொடுத்தவர் போலந்தைச் சேர்ந்த வோஸ்னியாக். மாணவராக இருந்தபோது 1985-இல் காகிதத்தில் இடைவெளிகளைச் சோதித்தார், 1987-இல் அதை நிரலாக எழுதினார். முதல் முறைக்குப் பின் 1 நாள், அப்புறம் 6 நாள், அதன்பின் ஒவ்வொரு தடவையும் சுமார் இரண்டரை மடங்கு: 15, 38, 94. கூட்டிப் பாருங்கள், ஒரு நல்ல அட்டையை ஐந்து மாதத்தில் ஐந்தே தடவை பார்த்தால் போதும். 2006-இல் வந்த ஆன்கி இந்தக் கணக்கை அடிப்படையாக வைத்துத்தான் தொடங்கியது. 2023 முதல் 'எஃப்.எஸ்.ஆர்.எஸ்.' என்ற புதுக் கணக்கும் அதில் உண்டு. நீங்கள் எதை எப்போது மறக்கிறீர்கள் என்று பார்த்து அதுவே இடைவெளியை அமைக்கும். அமைப்புகளில் அதை இயக்கிவிட்டு, நினைவு இலக்கை இருக்கிற 90 சதவீதத்திலேயே விடுங்கள். 97 என்று ஏற்றினால் அறிவு ஏறாது, அட்டை எண்ணிக்கைதான் ஏறும்.

ஆண்ட்ராய்டு போனில் 'ஆன்கிட்ராய்டு' இலவசம். இதே பெயர்ச் சாயலில் வேறு சில ஆப்கள் காசு கேட்கும், பார்த்து இறக்குங்கள். உங்களுக்கு என் பரிந்துரை ஆப்தான். ஒரே காரணம், கடையில் கூட்டம் இல்லாத பத்து நிமிடத்தில் ஸ்வீட் டப்பாவைத் திறக்க முடியாது.

அமைப்பு இப்படி வையுங்கள்: புது அட்டை நாளொன்றுக்கு 8 அல்லது 10, அதற்குமேல் வேண்டாம். நாலு மாதத்தில் ஆயிரம் அட்டையைத் தொடுவீர்கள், நீங்களே எழுதிய ஆயிரம். கடைசி மாதம் புது அட்டை 0. 'மேக்ஸிமம் இன்டர்வல்' என்ற இடத்தில் 30 நாள் என்று போடுங்கள், இல்லாவிட்டால் சில அட்டைகளை ஆப் தேர்வுக்கு அப்பால் தள்ளிவிடும். இந்த எண்ணுக்குக் காரணம் உண்டு. 2008-இல் செப்பேடா என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 1,350-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு வாரம் கழித்துத் தேர்வு என்றால் நடுவே விடவேண்டிய இடைவெளி அந்தக் காலத்தில் 20 முதல் 40 சதவீதம் என்றும், ஒரு வருடம் கழித்து என்றால் 5 முதல் 10 சதவீதம் என்றும் வந்தது. ஐந்து மாதம் இரண்டுக்கும் நடுவில். இரண்டு மூன்று வாரம், மிஞ்சினால் ஒரு மாதம்.

எப்போது செய்வது? மறுபார்வைக்குப் பெரிய நேரம் தேவையில்லை, துண்டு நேரம் போதும். காலை பஸ், மத்தியானம் சாப்பிட்ட பிறகு, சாயங்காலம் கடை ஓய்ந்திருக்கும்போது. ராத்திரி வீட்டில் கிடைக்கும் முக்கால் மணிநேரம் புத்தகத்துக்கும் புது அட்டை எழுதுவதற்கும். களைத்துப்போன ராத்திரியில் மறுபார்வையை வைத்துக்கொண்டால் எல்லாவற்றுக்கும் 'குட்' அழுத்திவிட்டுப் படுத்துவிடுவீர்கள். ஞாயிற்றுக்கிழமை மாடல் டெஸ்ட். அதில் தவறியதெல்லாம் அட்டையாக வேண்டியதில்லை. கவனக்குறைவால் போனதை விட்டுவிடுங்கள்; தெரியாமல் போனதிலும் மறுபடி வரக்கூடியது என்று படுகிற நாலைந்தை மட்டும் எடுங்கள்.

பாக்கி சேர்ந்தால் என்ன செய்வது? நிச்சயம் சேரும், தீபாவளி வரும், காய்ச்சல் வரும். அப்போது புது அட்டையை 0 ஆக்கிவிட்டு, ஒரு நாளைக்கு 60, 70 என்று வரம்பு வைத்துத் தின்றுகொண்டே வாருங்கள். ஒரே ராத்திரியில் முடிக்கப் பார்க்காதீர்கள். திரும்பத் திரும்பத் தவறும் அட்டை என்று ஒன்று கண்ணில் படும். எட்டு முறை தவறினால் ஆப்பே அதைத் தனியாகக் குறித்துக் காட்டும். அதை ஒன்பதாவது தடவை உருப்போடாதீர்கள். அந்த அட்டையில் ஏதோ கோளாறு: ஒன்றுக்கு மேல் கேட்கிறது, அல்லது இன்னொரு அட்டையோடு மோதுகிறது, அல்லது பாடமே புரியவில்லை. புத்தகத்தைத் திறந்து அந்தப் பத்தியைப் படித்துவிட்டு அட்டையை மாற்றி எழுதுங்கள். எதுவுமே சரிப்படவில்லை என்றால் அழித்துவிடுங்கள். 200 கேள்வியில் ஒன்று போனால் ஒன்றரை மதிப்பெண், அந்த அட்டை உங்கள் வாரத்தைத் தின்பதைவிட அது மலிவு.

ஆகவே இன்று ராத்திரி நாலாயிரத்தையும் சஸ்பெண்ட் செய்யுங்கள். புதிதாக ஒரு டெக் தொடங்கி, நீங்கள் நன்றாகப் புரிந்து படித்த பாடம் ஒன்றை எடுத்து, எட்டே எட்டு அட்டை எழுதுங்கள். பிடிக்காத பாடத்தில் தொடங்கவேண்டாம். எழுதியவற்றை அப்படியே இங்கே போட்டால் திருத்தவேண்டியதைச் சொல்கிறேன். தேர்வு முடிந்ததும் டெக்கை அழித்துவிடாதீர்கள், அரசியலமைப்பும் வரலாறும் குரூப் 2-க்கும் ஆகும். புது அட்டை இல்லாமல் தினம் பத்து நிமிடம் ஓடவிட்டால் போதும்.